வழிப்பயணத் தொழிலும் நனிசைவ உணவும்

கொங்கு நாட்டில் பலருடைய பிழைப்பு சாலையிலேயே நடக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் வடமாநிலங்கள் வரை சரக்கு ஏற்றிச் செல்கின்றன. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் மாதக்கணக்கில் வெளியூர்களில் தங்கி வேலை செய்கின்றன. கோவையின் பம்ப்செட்டுக்கும் திருப்பூரின் பின்னலாடைக்கும் ஆர்டர் பிடிக்கச் செல்வோர் ஊர் ஊராக அலைகின்றனர். இவர்களுள் நனிசைவர், அதாவது இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கியவர், ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் நாமக்கல் முட்டைக்கும் பெயர்பெற்ற இந்நிலப்பகுதியில் வேளைதோறும் எதை உண்பது என்று யோசிக்க வேண்டியவராகிறார்.

இக்கொள்கைக்கு 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலானோர் தொடங்கிய சங்கம் அமைப்பு வடிவம் தந்தது எனினும், அதற்கு ஏற்ற உணவு கொங்கு நாட்டின் மானாவாரிச் சமையலில், அதாவது மழையை மட்டுமே நம்பிக் கம்பும் சோளமும் கொள்ளும் விளைவித்த குடும்பங்களின் அடுப்படியில், நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. கம்மஞ்சோறு, ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயிறு கடைசல், அரைத்த அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் சூட்டோடு பிழியும் சந்தகை, அரிசியும் பருப்பும் சின்ன வெங்காயமும் ஒன்றாக வேகும் அரிசிம்பருப்புச் சோறு ஆகியவற்றுள் எதற்கும் பாலோ நெய்யோ இன்றியமையாதது அன்று. அவை பரிமாறும்போது மேலே வந்து சேர்பவை. ஆகவே நனிசைவர் தனிக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. எது எந்த நிலையில் வந்து கலக்கிறது என்று அறிந்து, அதற்கு முன்பே வாய்திறந்து சொன்னால் போதும்.

சாலையோரக் கூழ் வண்டி இதற்கு நல்ல சான்றாகும். பானையில் உள்ள கம்மங்கூழ் வெறும் கம்பும் உப்பும் நீருமே. சொம்பில் கரைக்கும்போதுதான் மோர் சேர்கிறது. "அக்கா, மோர் ஊத்தாமக் கரைச்சுக் குடுங்க" என்று முதலிலேயே சொல்பவருக்கு அது தடையின்றிக் கிடைக்கும். ஆயினும் பலர் கவனிக்கத் தவறுவது தொட்டுக்கொள்ளும் தட்டைத்தான்: மோர் மிளகாய் பெயரிலேயே மோரைச் சொல்லிவிடுகிறது, சுண்டைக்காய் வற்றலோ மோரில் ஊறிக் காய்ந்ததாக இருந்தும் அதைச் சொல்வதில்லை. சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும் ஐயத்துக்கு இடமற்றவை.

ஓட்டல்களில் இட்லி, உளுந்து வடை, தேங்காய்ச் சட்னி ஆகியவை பெரும்பாலும் பொருந்தும். வெண்பொங்கல் நெய்யின்றி அமையாது. ரவா தோசை மாவில் மோரும், பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்வதுண்டு என்பதால் கேட்டறிவதே முறை. சாப்பாட்டு இலையில் பருப்பு விழுந்த மறுகணமே நெய்க்கரண்டி வந்துவிடுவதால், "நெய் வேண்டாங்க" என்பதை இலை போட்டவுடனே சொல்லிவிடுவது நல்லது. தேநீர் வேளைக்குக் கருப்பட்டி இட்ட சுக்குமல்லிக் காப்பியும், வாளையாறு நோக்கிச் செல்வோருக்குக் கட்டன் சாயாவும், பொள்ளாச்சிச் சாலையில் இளநீரும் உண்டு.

நெடுந்தொலைவு செல்வோருக்குக் கட்டுச்சோறே உறுதுணை. புளியின் அமிலத்தன்மையும் நல்லெண்ணெயும் புளிச்சோறு விரைவில் கெடாமல் காக்கின்றன. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரிகடலை ஆகியவை பையில் நாள்கணக்கில் தாங்கும். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும், அதே அளவு ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் இருப்பதால், பாலை விட்டவர் வலுவிழப்பார் என்னும் அச்சத்துக்கு இவ்வுணவில் இடமில்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. நரம்புகளுக்கும் இரத்தத்துக்கும் தேவையான பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. அது குறைந்தால் இரத்தசோகையும் கைகால் மரத்துப்போதலும் நேரும். பிரேக் மிதிக்கும் கால் மரத்துப்போவது சாலையில் உள்ள அனைவருக்கும் ஆபத்தாகும் என்பதால், ஓட்டுநர்கள் மருத்துவரைக் கேட்டு இதற்கான மாத்திரையை எடுத்துக்கொள்வது கட்டாயம்.

பொட்டலத் தின்பண்டங்களில் உள்ள பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்குமேயன்றி நனிசைவத்தைக் குறிக்காது. பாலும் தேனும் கலந்தவையும் அப்புள்ளியைப் பெறுகின்றன. நனிசைவத்துக்கெனத் தனி முத்திரையும் விதிமுறைகளும் 2022இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தால் அறிவிக்கப்பட்டுள்ளன. ஆனால் அம்முத்திரை பொட்டலத்துக்கு உரியது, அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வரும் சோற்றுக்கு அது உதவாது. எனவே நெடுஞ்சாலை ஓட்டல்களையும் மெஸ்களையும் நடத்துவோர் தம் விலைப்பலகையில் பாலும் நெய்யும் சேராத பண்டங்கள் இவை என ஒரு வரி எழுதி வைத்தால், களைத்து வந்து அமரும் உழைப்பாளி ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு உண்ண வேண்டிய நிலை நீங்கும். அந்த ஒரு வரியை எழுத அவர்கள் முன்வர வேண்டும்.