பிராக் நகரத்துல ஒரு தாழம்பூ

(எபிசோடின் எழுத்து வடிவம், லேசாகத் திருத்தப்பட்டது)

போன எபிசோட்ல ஒரு ஆப் பண்றேன்னு பெருமையா சொன்னேன் இல்லையா, அதை எடுத்துட்டேன். ஏன்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். நடுவுல செக் நாடு வரும், பயப்படாதீங்க.

கபிலரோட குறிஞ்சிப்பாட்டுல 99 பூக்களோட பேர் வரிசையா வருது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ, இன்னைக்கு அதுக்கு என்ன பேரு, உணவா மருந்தா, இவ்வளவு இருந்தா போதும்னு ஒரு சனிக்கிழமை உக்காந்தேன். தமிழ்ப் பேரையே பிரைமரி கீயா வெச்சேன். கேக்கற டெவலப்பர்கள் இப்பவே தலையில கை வெச்சிருப்பீங்க. வேங்கைன்னு தேடினா மரமும் வருது, புலியும் வருது. தாழைன்னா தாழம்பூன்னுதான் நமக்குத் தெரியும். அகராதியைப் பார்த்தா தென்னைக்கும் அதே பேர் இருக்கு.

அதோட விட்டிருக்கலாம். வீட்டுல புழங்கற செடிகளையும் சேர்ப்போம்னு ஒரு பேர்ப் பட்டியலை உள்ள தள்ளி, பேர் "கிழங்கு"ன்னு முடிஞ்சா "உணவு"ன்னு டேக் போடச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினேன். மரவள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு எல்லாம் சரியா விழுந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மாகிட்ட போனைக் குடுத்தேன். ரெண்டு நிமிஷம் தள்ளிப் பார்த்துட்டு நிமிர்ந்தாங்க. "டேய், கண்வலிக்கிழங்கைத் திங்கச் சொல்றியா? செத்துப் போவாங்கடா."

கண்வலிக்கிழங்குன்னா வேற எதுவும் இல்ல, செங்காந்தள்தான். நம்ம மாநில மலர், கபிலர் பட்டியல்ல முதல் பேர். செடி முழுக்க கால்ச்சிசின்னு ஒரு விஷம் இருக்கு. கிழங்கை ஏதோ வள்ளிக்கிழங்குன்னு நினைச்சுத் தின்னு உயிர் போனவங்க உண்டு. எங்க மாமா மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே அதைப் பயிர் பண்றார். அந்த விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகுது. என் ஆப் அதுக்குப் பச்சை கலர்ல ஒரு ஸ்பூன் படம் போட்டு வெச்சிருந்தது. அன்னைக்கு ராத்திரியே எடுத்துட்டேன்.

அப்புறம்தான், மத்தவங்க இதை எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன். முதல்லயே தேடியிருக்கணும். கிடைச்சது பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தோட டேட்டாபேஸ். 1998-ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் இந்தியச் செடிகளோட பேரைச் சேர்த்திருக்காங்க. அதுக்கு வெச்ச பேர் பாண்டானஸ். அதாவது தாழை!

செக் நாட்டுத் தமிழறிஞர்னா நமக்குக் கமில் சுவலபில்தான் ஞாபகம் வருவார். அவருக்கு அடுத்த தலைமுறையில யாரோஸ்லாவ் வாசெக்னு ஒருத்தர், 2017-ல காலமானார். சமஸ்கிருதமும் தமிழும் படிச்சவர். சங்கப் பாட்டுல ஒரு விலங்கோ செடியோ வந்தா, கூடவே எந்தெந்தச் சொல் திரும்பத் திரும்ப ஒட்டிக்கிட்டு வருதுன்னு ஒவ்வொரு இடமா எடுத்து அடுக்கிப் பார்த்தவர். காட்டுப்பன்றியைப் பத்தித் தனியா ஒரு கட்டுரையே உண்டு. கிட்டத்தட்ட நாம லாக் ஃபைல்ல பேட்டர்ன் தேடற வேலைதான், ஆனா கையால. இலக்கியத்துல இயற்கைன்னு பிராக்ல வருஷா வருஷம் கருத்தரங்கு நடத்தி, அதையும் பாண்டானஸ்ங்கற பேர்லயே புத்தகமா போட்டாங்க.

டேட்டாபேஸுக்கு வருவோம். பார்க்க ரொம்பப் பழைய டிசைன், தமிழ்ப் பேரெல்லாம் ரோமன் எழுத்துல மேல கோடு கீழ புள்ளியோட இருக்கும். ஆனா ஸ்கீமா சரியா இருக்கு. தலைப்புல லத்தீன் பேர், அதுக்குக் கீழ சமஸ்கிருதம், இந்தி, வங்காளம், தமிழ், மலையாளம். அந்தந்தப் பேரை எந்த நூல் சொல்லுதுன்னும் இருக்கு. ஒரே தமிழ்ப் பேர் ரெண்டு செடிக்குக் கீழ வந்தா, அப்படியே வரட்டும்னு விட்டிருக்காங்க. நான் அதுல ஒண்ணை அழிச்சிருப்பேன்.

லத்தீன் பேரும் கல்வெட்டு இல்ல. தாழைக்கே பேர் மாறியிருக்கு. முன்னாடி பாண்டானஸ் ஓடோராட்டிசிமஸ், இப்ப ஓடோரிஃபர்.

அனிச்சத்தை எடுத்துக்குங்க. மோந்தாலே வாடிடும்னு குறள்ல படிச்சிருப்போம். நெட்ல தேடினா அனகாலிஸ் அர்வென்சிஸ்னு ஒரு குட்டிப் பூவைத் தைரியமா காட்டுது. அது ஐரோப்பாவோட வயல் களை. செக் நாட்டு வயல்கள்லயும் முளைக்கும். வானம் இருட்டினா இதழை மூடிக்கும். அதுவும் இதுவும் ஒண்ணான்னா, எனக்கு நம்பிக்கை இல்ல. தமிழ் லெக்சிகன் எந்தச் செடின்னே சொல்லாம, மோந்தா வாடறதா கருதப்படற பூன்னு நிறுத்திக்குது. என் பழைய டேபிள்ல அந்தப் போட்டோ இருந்தது, பக்கத்துல ஒரு டிக்கும் இருந்தது.

இப்ப திருப்பி எழுதிட்டு இருக்கேன். கீ வெறும் நம்பர். "யார் சொன்னது"ன்னு ஒரு காலம், அது காலியா இருந்தா வரியே சேவ் ஆகாது. "உணவு" டேக் மொத்தமா போச்சு. அனிச்சத்துக்குப் போட்டோ கிடையாது. செங்காந்தள் பக்கத்தைத் திறந்தா முதல்ல சிவப்புப் பட்டையில "விஷம்"னு வரும். அந்த வார்த்தையை இன்னும் பெருசா போடச் சொல்லி அம்மா ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க.