கரப்பனும் தோற் சோதனையும்



நம் அரியாலையில் பிள்ளைக்குக் கரப்பன் கண்டால், முட்டை, இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாம் கரப்பன் பண்டமென்று நிற்பாட்டப்படும். ஈற்றில் பிள்ளை மெலிந்து போகும், சொறிச்சலோ நின்றபாடில்லை. இப்பொழுது சோதனைத்தாளும் பத்தியத்துக்குத் துணை வந்திருப்பதனாலேயே இதைப் பேசத் துணிந்தோம்.

சோதனை எளியது. முன்னங்கையில் முட்டை, பால் முதலியவற்றின் சாற்றைத் துளித்துளியாக இட்டு, ஊசிமுனையால் தோலை மெல்லக் குத்துவர். கால் மணி நேரத்தில், வெறுந்துளி இட்ட இடத்திலும் பார்க்க 3 மில்லிமீற்றரேனும் கூடத் தடித்தால், அப்பொருளை உடம்பு இனங்கண்டு வைத்திருக்கின்றது என்பதே கருத்து. உண்டால் ஒவ்வாது என்பதன்று! கரப்பனுள்ள பிள்ளைகள் பலருக்கு, நாள்தோறும் உண்டு சுகமாயிருக்கும் உணவுக்கே தடிக்கும். (சொறிச்சலுக்கு மருந்து குடித்த பிள்ளைக்குத் தடிக்காமலும் விடும், மருத்துவரிடம் முன்னரே சொல்லுங்கள்.)

வீணே விலக்குவதிலும் ஆபத்துண்டு. கடுங்கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இலண்டனில் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். கச்சானுக்கு மிகத் தடித்த குழந்தைகளை முதலிலேயே நீக்கிவிட்டனர். 5 வயதளவில், கச்சானை விலக்கியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேருக்குக் கச்சான் ஒவ்வாமை கண்டது. உண்டு வந்தவர்களில் 3 பேருக்கே.

உண்ட சிறிது நேரத்தில் உதடு வீங்குதல், தடிப்பு எழுதல், வாந்தி, மூச்சிழுப்பு கண்ட பிள்ளைக்கோ சோதனை அவசியம். அப்பிள்ளைக்கு அவ்வுணவை வீட்டில் மீண்டும் கொடுத்துப் பார்க்கவேண்டாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் இச்சோதனை செய்கின்றார்கள்.