ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்



1924, பாரிஸ் ஒலிம்பிக். ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல் 100 மீட்டரில் தங்கம் வாங்குவார் என்று பிரிட்டனில் பலர் எதிர்பார்த்தார்கள். தகுதிச் சுற்றோ ஞாயிற்றுக்கிழமை. அது ஆண்டவருடைய நாள், ஓடமாட்டேன் என்றுவிட்டார். ஏச்சும் வற்புறுத்தலும் வந்தன, அசையவில்லை. 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பிறகு நடந்ததுதான். மறு ஆண்டே, புகழின் உச்சியில், தாம் பிறந்த சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1943-ல், போர்க்காலத்தில், ஜப்பானியர் அவரைச் சீனாவிலேயே வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே நெரிசல், பசி, ஓயாத வேலை. ஜெபிக்க நேரமில்லை என்று சொல்ல யாருக்காவது உரிமை உண்டென்றால் அவருக்கு இருந்தது. அவரோ விடியுமுன் எழுந்து, சின்ன விளக்கொளியில் வேதம் வாசித்தார். அதன்பிறகே முகாமிலிருந்த பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும். 1945 பிப்ரவரியில், 43 வயதில், மூளைக்கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார்.

முகாமில் ஞாயிறன்று விளையாட்டு நடத்த முதலில் அவர் இசையவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஆடி, சண்டை போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு அவரே நடுவராக வந்து நின்றார். தமக்கான பதக்கத்துக்குத் தராத நாளை அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தார். அவருடைய விசுவாசம் எவ்வளவு உயிருள்ளது என்பதை நான் அங்கேதான் பார்க்கிறேன்.