நூலக வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார்

(பெங்களூர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நம் ஊரில் வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் சேர்த்துக் கட்டுகிறோம். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனிடம் போய் நிற்போம்.

அடிப்படையில் அவர் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே அலுத்துவிட்டது. ஆளே வராத நூலகத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து என்ன செய்வது? பழைய வேலைக்கே வந்துவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் முறையிட்டார். முதலில் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வாரும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் அனுப்பிவைத்தார்.

அங்கே தொழிலாளிகளும் குழந்தைகளும் பொது நூலகத்தில் சகஜமாக நுழைவதைக் கண்டார். அதுதான் அவரை மாற்றியது. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தாராம். அதே துண்டுகளை வெவ்வேறு விதமாகக் கோத்தால் வெவ்வேறு உருவம். புத்தகங்களின் பொருளையும் இப்படிக் கோத்து எண்ணிட்டால் என்ன? அதுவே 1933-ல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது.

திரும்பியவர் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். வருஷக்கணக்கில் லீவே எடுக்கவில்லை. கல்யாணத்தன்று மத்தியானமே வேலைக்குப் போய்விட்டார் என்றும் சொல்வதுண்டு. சாரதா மாமி என்ன நினைத்தாரோ!

ஆனால் புத்தகத்தை அடுக்குவதோடு அவர் நிற்கவில்லை. நூலகம் தனவான்களின் தயவில் நடக்கக்கூடாது, சட்டமும் வரியும் அதைத் தாங்க வேண்டும் என்று இருபது வருஷம் மன்றாடினார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல்.

பனாரஸ், டில்லி, ஜூரிச் என்று சுற்றிவிட்டு, கடைசியில் பெங்களூருக்கு வந்தார். அதற்குள் ஆயுள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, மனைவி பெயரில் பேராசிரியர் பதவி அமைக்கக் கொடுத்திருந்தார். இங்கே 1962-ல், எழுபது வயதில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். இப்போது மைசூர் ரோடில் இருக்கிறது. 1965-ல் இந்த மாநிலத்துக்கும் நூலகச் சட்டம் வந்தது. 1972 செப்டம்பர் 27-ல் இதே ஊரில் காலமானார்.

இங்கே வருமுன் நம் அங்கத்தினர் பத்துப் பேரிடம், கிளை நூலகத்தில் உறுப்பினரா என்று கேட்டேன். இருவர்தான் ஆமாம் என்றார்கள். என் அட்டைக்கும் வயது ஒரு வாரம்தான்.