ஆத்துக்குப் போற வழி

கடன், வட்டி, சேமிப்பு பற்றி எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் ஆத்தைப் பற்றிப் பேசுறேன்னு கேட்டேன். தலைவி அக்கா சரின்னு சொன்னாங்க.

நம்ம ஊருக்கும் ஆத்துக்கும் ஒரே பேரு. ஆந்திராவில் புறப்பட்டு, பிச்சாட்டூர் அணை தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியா நம்ம ஆரணிக்கு வந்து, அப்புறம் பொன்னேரி போய் பழவேற்காடு ஏரியில் சேருது. ஆடி மாசம் பவானி அம்மன் கோயிலுக்கு வர்ற சனம் முழுக்க இந்த ஆத்தங்கரையிலதான். வருஷத்தில் பாதி நாள் தண்ணி இருக்காது. அதனாலதான் நமக்கும் அலட்சியம், குப்பை கொட்டுறவங்களுக்கும் தைரியம். ஆனா பிச்சாட்டூர்ல திறந்தா என்ன ஆகும்னு 2015லயும் 2021லயும் பார்த்தோம். பொன்னேரி பக்கம் கரை உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி போச்சு.

மேலே மணலா தெரிஞ்சாலும் அடியில் ஓடுற தண்ணிதான் நம்ம போருக்கு வருது. மீஞ்சூர் பக்கம் பாருங்க. சென்னைக்குன்னு வருஷக்கணக்கா உறிஞ்சினதில் கடல் தண்ணி நிலத்துக்குள்ள ஏறி, கிணறெல்லாம் உப்பாப் போச்சு. ஏ.ரெட்டிப்பாளையம், லட்சுமிபுரம் தடுப்பணையெல்லாம் நம்ம ஆத்துலதான் இருக்கு. அங்கே தண்ணி நின்னு ஊறினா சுத்துப்பட்டு கிணத்துக்கு நல்லது.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். ஆத்தைச் சுத்தம் பண்ணணும்னு எல்லாரும் சொல்றோம். ஆனா ஆத்துக்குப் போற வழி எங்கேன்னு யாரும் கேட்கிறதில்லை. எங்க தெருவில் இருந்து போற மண் பாதையில் கல் நட்டு கம்பி கட்டிட்டாங்க. எங்க அத்தை ஆடு ஓட்டிக்கிட்டுப் போன பாதை அது. கருமாதிக்குப் போறவங்க இப்ப சுத்திக்கிட்டுப் போறாங்க. போக வழி இல்லாத இடத்தை நாலு வருஷத்தில் எல்லாரும் மறந்துடுவாங்க. மறந்த இடத்தில் லாரி வந்து கொட்டினா யாருக்குத் தெரியும்?

சென்னையில் அடையாறு கடலில் சேர்ற இடத்தில் ஒரு கழிமுகம் இருக்கு. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி நாசமான இடம். 2006ல் அதுக்குன்னே ஒரு அறக்கட்டளை வெச்சு, முதல்ல 58 ஏக்கரைச் சரி பண்ணி, 2011ல் தொல்காப்பியப் பூங்கான்னு திறந்தாங்க. அப்புறம் பக்கத்துல இன்னும் 300 ஏக்கர். ஒரே நாளில் முடிக்கிறோம்னு அவங்க கிளம்பலை பாருங்க, அது எனக்குப் பிடிச்சுது. பிடிக்காததும் ஒண்ணு உண்டு. பல வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் முன்கூட்டியே அனுமதி வாங்கினவங்களும்தான் உள்ளே போக முடிஞ்சுது. பறவைக்காகன்னு சொல்றாங்க, அது நியாயம்தான். ஆனா நம்ம ஊர்ல அப்படி வேலி போட்டா நாம வெளியே நிற்கணும். அதனால திட்டம் எழுதும்போதே நாம போகணும்.

வேலூர், திருவண்ணாமலை பக்கம் நாகநதி வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலையில் நம்மள மாதிரி பொம்பளைங்க ஆயிரக்கணக்கில் இறங்கி, உறை கிணறு தோண்டி, மழைத்தண்ணியை நிலத்துக்குள்ள இறக்கினாங்க. பல வருஷம் பிடிச்சுது. 2021ல் பிரதமரே ரேடியோவில் அதைச் சொன்னாரு.

நமக்கு முதல் வேலை மண்வெட்டி இல்லை, காகிதம். ஆறு நீர்வளத் துறை கையில், நிலக் கணக்கு வருவாய்த் துறை கையில், தெருவும் குப்பையும் பேரூராட்சி கையில். ஒருத்தரைக் கேட்டா இன்னொருத்தரைக் காட்டுவாங்க. அதுக்குத்தான் ஆத்துப் புறம்போக்கு எல்லை எதுவரைக்கும், பாதை எந்த சர்வே நம்பர்னு வி.ஏ.ஓ.கிட்ட கேட்டு வரைபடம் வாங்கணும். கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதலாம். 30 நாளில் பதில் தரணும். நம்ம குழுவில் பத்தாவது படிச்ச பிள்ளைங்க இருக்கு, எழுதத் தெரியும்.

வரைபடம் கையில் வந்ததும் பாதையை அளந்து கல் போடச் சொல்லலாம். கரையை உசத்திக் கட்டுறப்ப நாலு இடத்தில் படித்துறை கேட்கலாம். ராத்திரி விளக்கு வேணும். சிப்காட் பஸ்ஸில் ஷிஃப்ட் முடிஞ்சு இறங்குற பொண்ணுங்க கரை வழியாத்தான் வருதுங்க. சாக்கடை ஆத்துல விழுற இடத்தையும் குறிச்சுக் காட்டணும். நாம விடுறது பழவேற்காட்டில் இறால் தடவிப் பிடிக்கிற பொம்பளைங்க கையில்தான் போய்ச் சேருது.

இது எத்தனை வருஷம் ஆகும்னு ஒரு அக்கா கேட்டாங்க. பத்து வருஷம்னு வைங்க. கான்ட்ராக்டர் போன அப்புறம் யார் பார்க்கிறதுன்னும் இப்பவே எழுதிடணும். குழுவுக்கு ரெண்டு பேர், மாசம் ஒரு தடவை கரையோரம் நடந்து பார்த்துட்டு நோட்டில் எழுதினா போதும்.

ஊராட்சியில் இருக்கிற அக்காங்களுக்கு ஒண்ணு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்னைக்கு கிராம சபை உண்டு. ஆத்துப் பாதை பற்றித் தீர்மானம் போடச் சொல்லி, படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க. பேரூராட்சியில் இருக்கிற நாங்க வார்டு கவுன்சிலரையும் செயல் அலுவலரையும் போய்ப் பார்க்கிறோம். மனு எழுதியாச்சு, சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் மேஜையில் இருக்கு. குழு பேரும் கையெழுத்தும் போட்டுட்டுச் சாப்பிடப் போங்க.