கழுகா, முனிவரா?
(மதகடிப்பட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செவ்வாய்க்கிழமைதோறும் உங்கள் ஊரில் மாட்டுச்சந்தை கூடுகிறது. பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து மாட்டுக்கு விலை பேசுகிறீர்கள். ஆனால் செத்த மாடு என்னவாகிறது என்று எவராவது யோசித்ததுண்டா?

செத்த உயிர் மறுபடி பிறக்கும் என்று சொல்லி நம்மிடம் காசு வாங்குகிறார்கள். அதைக் கண்டவர் ஒருவருமில்லை. ஆனால் செத்த உடம்பு மறுபடி பிறப்பதோ பிரத்தியட்சமான சங்கதி. எப்படியெனில், புல்லானது மண்ணின் சத்தையும் காற்றிலுள்ள கரியையும் கொண்டு வெயிலில் வளர்கிறது. புல்லை மாடு தின்கிறது. மாட்டின் சாணமும் சடலமும் கழுகுக்கும் புழுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருக்கும் இரையாகி மண்ணில் சேர்கின்றன. மறுபடி புல் முளைக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அழிவதில்லை. கை மாறுகின்றன, அவ்வளவுதான். இந்த மறுபிறவிக்குத் தட்சிணை வேண்டியதில்லை.

இந்த வேலையில் கழுகின் பங்கு பெரிது. ஒரு கூட்டம் இறங்கினால் சற்று நேரத்தில் மாடு எலும்பாகிவிடும். அழுகிய இறைச்சியிலுள்ள நோய்க்கிருமிகள் பலவும் அதன் வயிற்றுத் திராவகத்தில் செத்துப்போகும்.

அப்படிப்பட்ட ஜந்துவுக்கு நாம் கொடுத்த மரியாதை என்ன? திருக்கழுக்குன்றத்து மலைக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் தின்றன. அவை காசிக்கும் இராமேசுவரத்துக்கும் பறக்கும் முனிவர்கள் என்றார்கள், கும்பிட்டோம். உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறு என்னும் பறவைகள். அந்த ஜாதிப் பறவை பிணத்தோடு மலத்தையும் தின்னும். அதன் முகத்து மஞ்சளுக்கு வேண்டிய சத்தும் அந்த மலத்திலிருந்தே கிடைக்கிறது. மலைமேல் வந்தால் முனிவர், ஊர்க்கோடியில் செத்த மாட்டின்மேல் உட்கார்ந்தால் அபசகுனமா? செத்த மாட்டை அப்புறப்படுத்தி ஊரைக் காத்த நம் தோழர்களையும் இப்படித்தானே தீண்டத்தகாதவர் என்று ஊர்க்கோடியில் வைத்தோம்?

1990-களின் பிற்பகுதியில் மலைக்குக் கழுகு வருவது நின்றுபோயிற்று. கலி முற்றியதால் என்பார்கள் சிலர். அந்த இரண்டு மட்டுமா காணாமற்போயின? நாடெங்கும் கழுகினம் அழிந்தது. 1992-இல் 1,000 வெண்முதுகுப் பாறு இருந்த கணக்குக்கு 2007-இல் ஒன்றுதான் மிஞ்சிற்று. 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும், பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்துக் காரணத்தை வெளியிட்டார்கள். வலிக்காக மாட்டுக்குப் போடும் டைக்ளோபினாக் என்ற மருந்துதான் காரணம்! மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, சில நாளில் அதுவும் சாகிறது. பாவமும் இல்லை, சாபமும் இல்லை.

கழுகு போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். செத்த மாடு கிடந்து அழுகிற்று. தண்ணீர் கெட்டது. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் பெருகிற்று. இவற்றால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக மாண்டதாக 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிடுகிறது. மாண்டவர்களுக்குப் புரோகிதர் தலைவிதி என்றிருப்பார். எந்த விதி? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததுதான் விதி!

சர்க்கார் 2006-இல் அந்த மருந்தை மாட்டு வைத்தியத்துக்குத் தடை செய்தது. ஆயினும் மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போயின. 2015-இல் அதையும் நிறுத்த வேண்டியிருந்தது. அதே தீங்கு செய்யும் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டையும் 2023-இல் மாட்டுக்குத் தடுத்தார்கள். கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகம் என்ற மருந்து இருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் மிஞ்சிய கழுகுகள் பெரும்பாலும் நீலகிரியின் அடிவாரத்தில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன.

ஆகவே தோழர்களே! நீங்கள் கழுகைக் கும்பிடவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். அடுத்த முறை மாட்டுக்கு ஊசி போடும்போது "இது என்ன மருந்து?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆயிரம் பொங்கல் படைத்தும் காக்க முடியாத கழுகை அந்த ஒரு கேள்வி காக்கும். நன்றாய்ச் சிந்தித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.