பறவை எண்ணியவரின் வேலையும் நம் வேலையும்

(இரத்தோட்டைப் பிரதேசத் தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் கல்விப் பகுதி சார்பாக ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசக் கூடும் இடத்தில் பறவையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நாம் இன்று பேசப்போகிறவர் தேயிலை மலைகளுக்கு நடுவில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பறவைகளைப் பார்த்தவர், கேட்டவர், எண்ணியவர், எழுதியவர். நாமும் அதே மாதிரி மலையில்தான் தினமும் நிற்கிறோம். பார்க்கிறோம், கேட்கிறோம். ஆனால் எழுதி வைப்பதில்லை. எழுதாததால் நமக்கு என்ன நட்டம் என்பதுதான் இன்றைய பேச்சு.

அவர் பெயர் டி. ஆர். ஷங்கர் ராமன். தமிழ்நாட்டுக்காரர். 1990களில் இந்தியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள மிசோரம் மலைக்குப் போனார். அங்குள்ள மலைவாசிகள் காட்டை வெட்டி எரித்துக் கொஞ்சகாலம் பயிரிடுவார்கள், பிறகு நிலத்தை ஆறப்போடுவார்கள். அங்கே அதற்கு ஜூம் என்று பெயர். நம் நாட்டில் சேனை என்கிறோம். காட்டை அழிக்கிறவர்கள் என்று அந்த மக்கள் மீதுதான் எல்லோரும் பழி போட்டார்கள். ஷங்கர் ராமன் ஆறப்போட்ட நிலங்களில் பறவைகளை எண்ணினார். வருடம் ஏற ஏறக் காட்டுப் பறவைகள் திரும்பி வருவது தெரிந்தது. வரிசையாகத் தேக்கு நட்ட இடத்தில் பறவைகள் குறைவாகவே இருந்தன. பழி யார் மீது போடப்பட்டது, உண்மை என்ன என்பதை அவருடைய எண்ணிக்கை காட்டிவிட்டது.

அடுத்து நம் மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த திருநெல்வேலிப் பக்கம், களக்காடு முண்டந்துறை மலைக்காடுகளில் மழைக்காட்டுப் பறவைகளை ஆராய்ந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டம் அதற்காகத்தான். அதன்பின் துணைவியார் திவ்யா முத்தப்பாவுடன் வால்பாறைக்கு வந்தார். ஆனைமலையில் ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் தேயிலையும் கோப்பியும் ஏலமும். சுற்றிவரப் புலிகள் காப்பகம். தோட்டங்களுக்கு நடுவே ஆங்காங்கே துண்டு துண்டாகக் காடு. நம் இடத்தைப் போலவே இருக்கிறதல்லவா?

பறவை எண்ணும் வேலை எப்படி நடக்கிறது? விடிந்ததும் காட்டுக்குள் போக வேண்டும். குறித்த ஓர் இடத்தில் சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அட்டை ஏறினாலும் நிற்க வேண்டும். அடர்ந்த காட்டில் பறவை கண்ணுக்கு அகப்படாது, காதுதான் கணக்கெடுக்க வேண்டும். என்ன பறவை, எத்தனை, எவ்வளவு தூரத்தில் என்று எழுத வேண்டும். பிறகு அடுத்த இடம். மழையிலும் பனியிலும் இதே வேலை, வருடக்கணக்கில். கொழுந்து எடுக்கிற நமக்கு இந்த வேலையின் அருமை தெரியும். ஒரே மலைக்கு நூறு தரம் போனவர்களுக்குத்தான் நூற்றியோராவது தரம் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும்.

அவர் கண்டது என்ன? காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த ஏலத் தோட்டத்திலும் கோப்பித் தோட்டத்திலும், பக்கத்தில் காடு இருந்தால், மழைக்காட்டுப் பறவைகள் பலவும் தங்குகின்றன. வெறும் தேயிலையும் நடுநடுவே சில்வர் ஓக்கும் மட்டும் நிற்கிற மலையில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே தோட்டம் என்றாலே காட்டுக்குச் சாவு என்பதில்லை. எப்படிப்பட்ட தோட்டம் என்பதுதான் கேள்வி.

அவர்கள் கணக்கோடு நிற்கவில்லை. தோட்டக் கம்பனிகளோடு பேசி, சிதைந்த காட்டுத் துண்டுகளில் அந்த மலைக்கே உரிய மரக்கன்றுகளை நாற்றுமேடை போட்டு வளர்த்து நட்டார்கள். சும்மா விட்ட துண்டுகளைவிட நட்டுப் பராமரித்த துண்டுகளில் மரமும் பறவையும் நன்றாகத் திரும்பியிருப்பதைப் பின்னர் அளந்தும் காட்டினார்கள்.

அவர்கள் சார்ந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்திலேயே ஆனந்தகுமார் என்ற ஆய்வாளர் யானைகளைக் கவனித்தார். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தொழிலாளர்களின் கைத்தொலைபேசிக்குத் தமிழில் செய்தி போகிற ஏற்பாட்டைச் செய்தார். முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கும் எரிந்தது. இருட்டில் யானைக்கு எதிரே போய் உயிர்விடுவது குறைந்தது. 2015இல் அவருக்கு உலகளவிலான விட்லி விருது கிடைத்தது. மிருகத்தைக் கவனித்து எழுதிய கணக்கு தொழிலாளியின் உயிரைக் காத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறினால் நக்கிள்ஸ் காடு. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை ஆக்கியது. மேலே மரத்தை விட்டுக் கீழ்ச்செடியை வெட்டி ஏலம் போட்ட காடு அது. அங்கே ஓடையோரத்தில், விடியும் நேரத்திலும் மசங்கும் நேரத்திலும் கீச்சென்று கூர்மையாகச் சீழ்க்கையடிக்கிற நீலக் குருவி ஒன்று உண்டு. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. 1872இல் அதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரில் பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயர் இருக்கிறது. மன்னார்க் கரையிலிருந்து நடந்து மாத்தளை வழியாக வந்து, மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்ட நம் பாட்டன்மாருக்கும் ஓடையோரத்தில் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, எந்தப் புத்தகத்திலும் இல்லை. துரை எழுதினார், அவர் பெயர் நின்றது. நாம் எழுதவில்லை.

போனது போகட்டும். இன்று எழுதாமல் விடுவது உயிர்ப் பிரச்சினை. குளவிக் கொட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மலையில் நிற்கும்போது கூடு கலைந்து எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம், எத்தனை பேரை மலைநாடு இழந்திருக்கிறது! குளவி என்று நாம் சொல்வதில் பல தடவை இருப்பது பம்பரா, பெரிய மலைத்தேனீ. நம் பம்பரகிரி நீர்வீழ்ச்சியின் பெயரிலேயே அது இருக்கிறது. கூடு கலைந்தால் “கழுகு அடித்துவிட்டது” என்போம். தேனடையைப் பிய்த்து அதிலுள்ள புழுவைத் தின்பதற்கென்றே ஒரு பருந்து உண்டு. தேன்பருந்து என்று பெயர். இங்கேயே இருப்பவையும் உண்டு, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருபவையும் உண்டு. அந்தத் தேனீயோ, பருவம் வந்தால் பழைய அதே மரத்துக்கு, அதே பாறைக்குத் திரும்பி வந்து கூடு கட்டும் பழக்கமுள்ளது. அப்படியென்றால் எந்த மலையில், எந்த மரத்தில், எந்த மாதத்தில் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்கு வருடக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு நம் தலையில் இருக்கிறது, தாளில் இல்லை.

விபத்து நடந்த பிறகு நிர்வாகத்திடம் போனால் “யாருக்குத் தெரியும்?” என்ற பதில்தான் வருகிறது. திகதியோடு எழுதி, பிரதி கொடுத்துவைத்த கொப்பி கையில் இருந்தால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். கூடு இருக்கும் மரம், மலை நம்பர், கண்ட திகதி, பருந்து சுற்றினால் அது, எல்லாம் எழுத வேண்டும். எழுதுவது பிள்ளைகளின் பொறுப்பு, சொல்வது கொழுந்து எடுக்கும் பெண்களின் பொறுப்பு.

இரண்டு, கூடு எழுதப்பட்ட மலைக்கு ஆளை அனுப்புமுன் பிரட்டுக்களத்தில் அதை அறிவிக்கும்படியும், கூட்டை அகற்றும்வரை வேறு மலையில் வேலை கொடுக்கும்படியும் எழுத்தில் கேட்க வேண்டும். பேரை வெட்டக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். நெருப்பு வைக்கவோ பருந்தைச் சுடவோ யாரும் போக வேண்டாம். அது அவர்கள் வேலை, தெரிந்தவர்களைக் கொண்டு செய்யட்டும்.

மூன்று, அதே கொப்பியின் பின்பக்கத்தில் பறவைகளை எழுதுங்கள். எந்த ஓடையில் நீலக் குருவி சீழ்க்கையடிக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று எழுதுங்கள். அந்தக் குருவி ஓடையை நம்பி வாழ்வது. அதன் சத்தம் நின்றால் ஓடைக்கு என்ன ஆயிற்று என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும். நம் பீலித் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. பாட்டிமார் சொல்லும் பெயர்களைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஆனைமலையை அடுத்த வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் இருவாட்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலி உண்டு. மலையைப் பற்றிய அறிவும் உழைப்புதான் என்பதை அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நம் கொப்பிகள் நிறையட்டும், அந்தக் கோரிக்கையையும் இந்தச் சங்கம் எழுப்பும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சந்தாப் புத்தகத்தோடு அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.